எங்கிருந்து தொடங்குவது?

பியோக்ளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மருந்தையும், அதற்கு முன்பே வெளியாகியிருந்த ‘சேர்மம் பி’யையும் அருகருகே வரைந்து பார்த்தால், வித்தியாசம் கண்ணில் படவே சற்று நேரமாகும். பிரிடின் வளையத்தின் ஆறாம் இடத்தில் இருந்த மெத்தில் போய், ஐந்தாம் இடத்தில் எத்தில் வந்திருக்கிறது. கூடியது ஒரு கார்பன்; மாறியது ஓர் இடம். இதற்கா காப்புரிமை என்று வேதியியல் படித்த எவருக்கும் கேட்கத் தோன்றும். ஆல்ஃபாஃபார்ம் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் அதைத்தான் கேட்டது. 2007 ஜூனில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், காப்புரிமை செல்லும் என்றது.

அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச்சில், இதே நீதிமன்றம் ஃபைசரின் அம்லோடிபின் பெசிலேட் காப்புரிமையைச் செல்லாது என்றிருந்தது. அந்த இரத்த அழுத்த மருந்தை ஃபைசர் முதலில் மாலியேட் உப்பாகச் செய்து பார்த்தது. மாத்திரை போடும்போது அது அச்சில் ஒட்டிக்கொண்டது, நிலைத்தும் நிற்கவில்லை. மருந்து நல்ல மருந்துதான், மாத்திரையாகத்தான் வர மறுத்தது. அப்படியானால் உப்பை மாற்ற வேண்டும். மருந்துகளில் புழங்கும் 53 எதிர்மின் அயனிகளின் பட்டியல் 1977லேயே ஆய்விதழில் வந்திருந்தது. பெசிலேட் அதில் அபூர்வம், புழக்கத்தில் 0.25 விழுக்காடுதான். ஆனாலும் சிக்கல் தெரிந்தது, பட்டியல் கையில் இருந்தது, சோதிக்கும் முறையும் வழக்கமானது. வெற்றியை நியாயமாக எதிர்பார்க்கலாம் என்று நீதிமன்றம் கருதியது.

இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் ஏற்புடையதாக இல்லை. முழு அமர்வு மறுபடி விசாரிக்க மறுத்தபோது மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். அவர்களில் ஒருவரான லூரி, தானே வேதியியலில் முனைவர். பியோக்ளிட்டசோன் தீர்ப்பை எழுதியவரும் அவர்தான். அவர் தயக்கம் எனக்குப் புரிகிறது. எந்த உப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை யாரும் தாளில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியாது. இருந்தும் ஃபைசர் வழக்கின் முடிவு சரி என்றே நினைக்கிறேன். அம்லோடிபினைக் கையில் வைத்திருந்தவருக்குத் தேட வேண்டிய இடம் முன்பே குறிக்கப்பட்டிருந்தது.

சேர்மம் பி அப்படியில்லை. பியோக்ளிட்டசோனை உருவாக்கிய டகேடா நிறுவனத்தின் பழைய காப்புரிமை தனித்தனியாகக் குறிப்பிட்ட சேர்மங்களே 54. அவற்றுள் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை, உடல் எடையையும் பழுப்புக் கொழுப்பையும் கணிசமாகக் கூட்டுகிறது என்று வெளிப்படையாகவே எச்சரித்திருந்தது. வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்தை உருவாக்க நினைப்பவர் அதைத் தள்ளித்தானே வைப்பார்?

எடுத்து வைத்த அடி எவ்வளவு சிறியது என்று அளப்பது எளிது, இரண்டு முனையும் இன்று நமக்குத் தெரியும் என்பதால். அன்று அந்த இடத்தில் வந்து நிற்கவே ஒருவருக்குக் காரணம் இருந்ததா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. பியோக்ளிட்டசோனைத் தெரிந்துகொண்டு திரும்பிப் பார்ப்பவருக்குச் சேர்மம் பி மட்டும் பளிச்சென்று தெரியும். மற்ற 53ம் மங்கிவிடும். நீதிபதியோ அந்த 54ஐயும் ஒரே வெளிச்சத்தில் வைத்து, எச்சரிக்கை வரியையும் படித்துவிட்டு, எதைக் கையில் எடுத்திருப்போம் என்று யோசிக்க வேண்டும்.