30 நாள் பதிவு

தெருவில் செயின் பறிப்பு நடந்த வாரம், எங்கள் குடியிருப்பில் கேமரா வைக்க முதலில் கை தூக்கியவன் நான்தான். 30 நாள் பதிவு இருக்கும்படி செட்டிங் போட்டதும் நானே. திருடன் சிக்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் சிக்கினார். தினமும் 10 நிமிடம் லேட்டாம், சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்.

2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் கைவைக்க அரசுக்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்தை மிஞ்சாத அளவும் வேண்டும். தீர்ப்பு சொன்னது அரசுக்கு. ஆனால் அந்த மூன்றாவதில் தோற்றவன் நான். செயினுக்காக வைத்த கேமரா சம்பளக் கணக்கு பார்க்கக் கூடாதென்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

"தப்பு செய்யலன்னா என்ன சார் பயம்?" என்றார் சங்கச் செயலாளர். உங்க வாசல் பதிவை அக்கா பார்க்கலாமா என்றேன். சிரித்தார்.

அன்றிரவு 30-ஐ 7 ஆக்கினேன், யாரையும் கேட்காமல். பாஸ்வேர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.