புதைத்தவனின் பயம்

வாலிபர் முகாமில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ‘தேவன் உனக்குக் கொடுத்த தாலந்து என்ன?’ பக்கத்தில் இருந்தவள் பாட்டு, கீபோர்டு என்று எழுதிக்கொண்டே போனாள். நான் வெறும் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். நமக்கு ஒண்ணுமே குடுக்கலையோ என்ற பயம் ரொம்ப வருஷம் கூடவே வந்தது.

சபையில் தாலந்து என்றால் திறமை. மத்தேயு 25-இல் அது பணம். ஒரு தாலந்து 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. ஒற்றைத் தாலந்துக்காரன் கையில் இருந்ததே ஏறக்குறைய 20 வருடச் சம்பளம். கொஞ்சமா அது? தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். எஜமான் கறாரான ஆள், அதான் பயந்து புதைச்சுட்டேன் என்கிறான். மற்ற இருவருக்கும் அதே எஜமான்தான். அவர்கள் பயந்ததாகக் கதையில் இல்லை.

எங்க வீட்டு ஜெபத்தில் இருந்ததும் கணக்குக் கேட்கிற கடவுள்தான். தாளை நிரப்பவிடாமல் செய்தது அவர்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் கதையின் முடிவில் அவனை இருட்டில் தள்ளுகிறார்களே, அப்போ அவன் பயந்தது சரிதானே? பாஸ்டரிடம் கேட்டேன். “அவன் சோம்பேறி தம்பி” என்றார். எனக்கு அது போதவில்லை.