யாரும் பார்க்காத கும்பிடு

பத்மாவதித் தாயாரைத் திருமலையப்பன் கைப்பிடித்த ஊர் எங்கள் நாராயணவனம். கல்யாண வெங்கடேசர் கோயிலில், அந்தக் கல்யாணத்துக்கு அரைத்தது என்று ஒரு பெரிய அரவைக் கல்லை இன்றும் காட்டுவார்கள். தறிச்சத்தம் ஓயாத வீட்டில் வளர்ந்தவள் நான். பாட்டி இந்தக் கதையைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பாள். கல்யாணத்தைவிட அதற்கு முன்னால் நடந்ததைத்தான் அவள் விரிவாகச் சொல்வாள். சீனிவாசன் முதலில் வேட்டைக்காரனாக வந்தான். பத்மாவதியின் தோழிப் பெண்கள் கல்லெறிந்து விரட்டினார்கள். பிறகு குறிசொல்லும் குறத்தி வேஷத்தில், அவள் அப்பா ஆகாசராஜன் அரண்மனைக்குள் போனான். "நான்தான் சாமின்னு சொல்லியிருந்தா ஊரே கால்ல விழுந்திருக்கும். அந்தப் பொண்ணு மனசு மட்டும் தெரிஞ்சிருக்காது" என்பாள் பாட்டி.

இன்றைக்கு நம் பக்தி எந்தத் திசையில் போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு எனக்கு வழிகாட்டுகிறது. பெயர் பெரிதாகிவிட்டால் மனசைத் தெரிந்துகொள்ள முடியாமல் போகிறது. கடவுளுக்கே அப்படியென்றால் மனிதருக்குக் கேட்கவேண்டியதில்லை.

இதே கதை 1960இல் 'ஸ்ரீ வெங்கடேஸ்வர மகாத்யம்' என்று தெலுங்கில் படமாக வந்தது. பெருமாளாக நடித்தவர் என்.டி.ராமாராவ். திருப்பதிக்கு வந்தவர்கள் பஸ் பஸ்ஸாகச் சென்னைக்குப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று அவரையும் கும்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். 1983இல் அவர் ஆந்திர முதலமைச்சர் ஆனார். அந்த ஜனங்களை நான் கேலி செய்யமாட்டேன். கண்ணுக்குத் தெரியும் முகத்தில் கடவுளைத் தேடுவது ஏங்கும் மனசின் இயல்பு. ஆனால் அந்தப் பழக்கம் ஊறிப்போனதில், யார் பெரிய பக்தர் என்பதையும் முகத்தை வைத்தே முடிவு செய்யத் தொடங்கிவிட்டோம். நடிகர் அங்கப்பிரதட்சணம் செய்தால் செய்தி. அமைச்சர் படியேறினால் செய்தி. மொட்டை போட்டுக்கொண்டு மகாத்துவாரத்துக்கு வெளியே நிற்கும் முகம் நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. உள்ளே அவர் என்ன வேண்டினார் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

திருமலையில் பிரமுகர்களுக்குத் தனி தரிசன நேரம் உண்டு. பெயரில்லாதவர் ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் அவருக்கும் அப்படியொரு சீட்டுக் கிடைக்கும். பாதுகாப்பு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், கோயில் திருப்பணிக்குப் பணம் வேண்டும், எல்லாம் சரி. ஆனால் 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்குக் காத்திருந்த கூட்ட நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். அந்த ஆறு பேரின் பக்தியை யாரும் படம் பிடித்ததில்லை. அதனால் அது ஒரு பிடி குறைந்துவிடுமா?

பிரமுகர்களுக்கும் ஒரு நஷ்டம் இருக்கிறது. அதைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. திருமலைக்கு வரும் பிற மதத்தவர், இந்தச் சாமி மேல் எனக்கு நம்பிக்கை உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. ஆனால் நான் நின்ற எந்த வரிசையிலும் யாரையும் நிறுத்தி மதம் கேட்டுப் பார்த்ததில்லை. ஊர் அறிந்த முகத்துக்குத்தான் அந்தக் கேள்வி வருகிறது. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக வந்தபோது கையெழுத்திட்டார். 2024 செப்டம்பரில் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த முன்னாள் ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி வருகிறார் என்றதும், போடுவாரா மாட்டாரா என்பதே நாடெங்கும் பேச்சானது, பயணமே ரத்தாகிவிட்டது. சில நாளில் துணை முதல்வர் பவன் கல்யாண் தம் மகளைக் கையெழுத்திட வைத்து, தாமும் போட்டார். அந்தப் படமும் ஊர் சுற்றியது. மூவருடைய மனசிலும் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நமக்கும் சாமிக்கும் நடுவில் இருக்கவேண்டிய ஒரு சங்கதி, தெருவில் விவாதமானது எனக்கு வலிக்கிறது.

ஐயப்பனுக்கும் குருவாயூரப்பனுக்கும் ஆயுள் முழுதும் பாடியவர் ஜேசுதாஸ். கிறிஸ்தவராகப் பிறந்ததால் குருவாயூர் கோயிலுக்குள் அவருக்கு இடமில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் 2017இல் எழுதிக்கொடுத்த பிறகே அனுமதி கிடைத்தது. கோயிலுக்கென்று மரபு உண்டு. அதைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்களை நான் மதிக்கிறேன். இருந்தாலும் அந்தக் குரலுக்கு மேல் ஒரு தாள் என்ன சாட்சி சொல்லிவிடும்? நாகூர் தர்காவிலும் வேளாங்கண்ணியிலும் எங்கள் வீட்டுப் பெண்கள் நின்று அழுதிருக்கிறார்கள். அங்கே அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கண்ணீருக்குக் கிடைத்த சுதந்திரம் ஜேசுதாஸுக்கும் கிடைக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

எங்கள் ஊரிலேயே இன்னொரு சந்நிதி இருக்கிறது. சுரைக்காய் சுவாமியின் சமாதி. கம்பில் சுரைக்குடுக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாய்கள் பின்தொடரத் திரிந்த சித்தர் என்று சொல்வார்கள். கையில் இருந்த பொருளே அவர் பெயராகிவிட்டது. ஒரு மனிதர் தன் போக்கில், தன் முயற்சியில் கடவுளைத் தேடிப் போகலாம். ஊர் அவரைத் தடுக்காமல் இருந்தால் போதும் என்பதற்கு எனக்கு அவரைவிடப் பெரிய சான்று தேவையில்லை. புகழ் அவரைத் தேடி வந்தது பிறகு. தேடல் முடியும்வரை அது குறுக்கே வரவில்லை.

அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மதத்தைப் பின்பற்றுவது, பரப்புவது என்று போகிறது. அந்த வரிசையில் ஞானம் இருக்கிறது. முதலில் உள்ளே, பிறகே வெளியே. வெளியே இருப்பதை அரசும் தேவஸ்தானமும் ஒழுங்குபடுத்தலாம். உள்ளே இருப்பதை யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது. நானும் நீங்களும் உட்பட.

ஆகவே நான் கேட்பது மூன்று. கையெழுத்து வேண்டுமென்றால் பிரபலத்துக்கும் சாமானியருக்கும் ஒரே மாதிரி, கேமரா இல்லாத அறையில் கேளுங்கள். பெரிய மனிதர்கள் தரிசனம் முடித்து வரும்போது வாசலில் மைக்கை நீட்டாதீர்கள். அவர்களும் நிம்மதியாகக் கும்பிட்டுப் போகட்டும். மூன்றாவது நமக்கு. ஒரு நடிகர் விரதம் இருந்தார் என்பதற்காக நாம் இருக்கவேண்டாம், ஒரு தலைவர் கும்பிடவில்லை என்பதற்காக நாம் விடவேண்டாம். நம் விரதத்தை நாமே தேர்ந்துகொள்வோம். கடன் வாங்கிய பக்தி எவ்வளவு பெரிய மனிதரிடம் வாங்கியதானாலும் கடன்தான். சொந்தமாகச் சேர்த்த ஒரு கும்பிடே கடைசிவரை நமக்குத் துணை வரும்.