கேசு விடுதலை, சரி, எப்படி விடுதலை?

நைனார்பாளையத்தில் ஒருவர் மேல் இருந்த வழக்கு முடிந்தால் ஊருக்கு ஒரே சொல்தான்: 'விடுதலை'. சட்டம் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை.

குற்றச்சாட்டு வனையும் முன்பே, வழக்கில் சாரமில்லை என்று நீதிபதி விடுவிக்கலாம். அங்கே சாட்சி கூண்டேறும் வேலையே இல்லை. முழு விசாரணைக்குப் பிறகு குற்றவாளி அல்ல என்று தீர்ப்பது வேறு. சிறு அடிதடியில் இரு தரப்பும் முறைப்படி ராஜியானால் அதற்கும் விடுதலையின் பலன் உண்டு. அரசுச் சாட்சியாக மாறும் அப்ரூவருக்குக் கிடைப்பது மன்னிப்பு. உண்மையை மறைத்தால் அதுவும் பறிபோகும்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற திரை நட்சத்திரங்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் குற்றமற்றவர்களாக வெளியே வந்தார்கள். கலைவாணர் கிருஷ்ணன் மறுபடி எழுந்தார். பாகவதருக்குப் பழைய கொடி பறக்கவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் கதை நேரெதிர். 18 மே 2022 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி அவரை விடுவித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட சிறைவாசம் முடிந்தது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

நம் பக்கத்துப் பையன்களுக்கு இந்த வேறுபாடு உறைப்பது போலீஸ் வேலைக்குப் போகும்போதுதான். திருவிழாவில் கைகலப்பு, வழக்கு. பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பார்கள். புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி, 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்பார். அவர் பிறழ்சாட்சி, பையன் விடுதலை. ஆனால் தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ சந்தேகத்தின் பலனாலோ விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். ஊர் சமாதானமே வேலைக்கு வினையாகிறது. அரசுத் தரப்பு நிரூபிக்கத் தவறியதற்குப் பையன் தலையில் விடிவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நீதிமன்றங்களோ பெரும்பாலும் விதியின் பக்கமே நின்றிருக்கின்றன.

எனவே தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிக் கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டும். 'அரசுத் தரப்பு சந்தேகத்துக்கிடமின்றி நிரூபிக்கவில்லை' என்பதற்கும், 'புகாரே பொய்' என்பதற்கும் தேர்வு வாரியத்தின் மேசையில் ஒரே மதிப்பில்லை. விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால், முடிந்துபோன வழக்குதானே என்று விட்டுவிடவும் கூடாது. மறைத்தால் அதை வைத்தே நியமனத்தை ரத்து செய்ய முடியும் என்று அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அற்பமான வழக்கென்றால் அதிகாரி மன்னிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.