ஓங்கிய கை எப்போது இறங்க வேண்டும்?

 

நம்மில் பலர் இரவு வெகுநேரம் கடை திறந்து வைத்திருப்பவர்கள். பாராங் கத்தியோடு ஒருவன் உள்ளே நுழைந்து, கடைச் சிப்பந்தியின் கழுத்திலோ, சாமான் வாங்க வந்த பெண்மணியின் கழுத்திலோ வைத்தால் நாம் என்ன செய்வது? அவனை அடிக்கலாமா? அடியில் அவன் உயிர் போனால் நாம் குற்றவாளியா? இதைப் பற்றி மார்க்கம் சொல்வதை முன்கூட்டியே அறிந்து வைப்பது நம் கடமை.

அநியாயமாக ஓர் உயிரைப் போக்குவது மனித குலத்தையே அழித்ததற்குச் சமம். ஓர் உயிரைக் காப்பது மனித குலத்தையே காத்ததற்குச் சமம். இவ்விரண்டையும் அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் ஒரே ஆயத்தில் வைத்துப் போதிக்கிறான். தராசு பிடிக்கும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒரு தட்டை மட்டும் பார்ப்பவன் நிறுவையில் மோசம் செய்கிறான்.

தாக்க வருபவனை நமது கிதாபுகள் 'ஸாயில்' என்கின்றன. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' என்னும் கிதாபில் இதற்கு முறை வகுத்திருக்கிறார்கள். பேச்சாலோ, கூவி ஆள் சேர்ப்பதாலோ அவனைத் தடுக்க முடிந்தால் அடிப்பது ஹராம். கையால் முடிந்தால் சாட்டை கூடாது. சாட்டையால் முடிந்தால் தடி கூடாது. வேறு வழியே இல்லாதபோதுதான் உயிரைப் போக்கும் அடி. பிறர் உயிரைக் காப்பதும் தன் உயிரைக் காப்பது போன்றதே. ஆனால் உயிரற்ற பொருளைக் காக்கச் சண்டையிடுவது கட்டாயமில்லை என்றும் அதே இமாம் சொல்கிறார்கள். கல்லாப் பெட்டி உயிரற்ற பொருள்தான் சகோதரர்களே!

2021 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆர்வாடா நகரக் கடைவீதியில் ஒருவன் போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அங்கே சாமான் வாங்க வந்திருந்த ஜானி ஹர்லி என்பவர் வெளியே ஓடிவந்து, தம் கைத்துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்தினார். மேலும் பல உயிர்கள் போகாமல் காத்தார். ஆனால் விழுந்தவனின் துப்பாக்கியை அவர் கையில் எடுத்த வேளையில் வந்த போலீஸ்காரர், அவரையே கொலைகாரன் என்று எண்ணிச் சுட்டுவிட்டார். ஹர்லி இறந்தார். அவர் செய்தது நியாயம். எனினும் ஆபத்து நீங்கிய பின் கையிலிருக்கும் ஆயுதம் நல்லவனையும் கெட்டவனாகக் காட்டும்.

2019 ஆகஸ்ட் 10 அன்று நார்வே நாட்டுப் பேரும் நகரப் பள்ளிவாசலுக்குள் ஒருவன் துப்பாக்கிகளோடு புகுந்தான். 65 வயது முஹம்மது ரஃபீக் அவன்மீது பாய்ந்து தரையில் அமுக்கி, போலீஸ் வரும்வரை பிடித்து வைத்தார். அமுக்கப்பட்டவனைக் கொல்லவில்லை. 2020-ல் நீதிமன்றம் அவனுக்கு 21 ஆண்டு தண்டனை விதித்தது.

மலேசியத் தண்டனைச் சட்டமும் இதே வழியில் நிற்கிறது. 97-ஆம் பிரிவு பிறர் உடலைக் காக்கவும் உரிமை தருகிறது. மரணமோ கொடுங்காயமோ நேருமென்று நியாயமான அச்சம் இருந்தால், அவ்வுரிமை தாக்குபவனின் உயிர்வரை செல்லும் என்கிறது 100-ஆம் பிரிவு. அதிகாரிகளை நாட அவகாசமிருந்தால் அவ்வுரிமை இல்லை, தேவைக்கு மேல் ஊறு செய்யலாகாது என்கிறது 99-ஆம் பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதோ தனிக் குற்றம்.

ஆகவே நாம் இன்றே ஒரு முடிவு செய்துகொள்வோம். கத்தி கழுத்தில் இருக்கும்வரை தடுப்போம். கத்தி கீழே விழுந்ததும் கையை இறக்குவோம். பையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து, தூணில் கட்டிப் பத்துப் பேர் சேர்ந்து அடிப்பது வீரமல்ல, அக்கிரமம். அவன் செத்தால் நாமே கொலைகாரர்கள். அந்த அடியில் நமது கடைப் பையன்களும் கூட்டுச் சேர்வார்கள். அவர்களுக்கு நாமே பொறுப்பாளிகள். இதை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! அக்கிரமத்தைத் தடுக்கும் துணிவையும், அக்கிரமம் செய்யாத நிதானத்தையும் எங்களுக்கு ஒருங்கே தந்தருள்வாயாக! ஆமீன்.