இரண்டு எல்லைகள்

ஆற்றல் உடையவன் அதனை எவ்வேளையும் முழுமையாகச் செலவிடுதல் வேண்டுமா? அவ்வாற்றலுக்கு எல்லை வகுக்கும் உரிமை யாருக்கு உண்டு? அறவியலின் பழைய வினாக்கள் இவை. கலைப்பீட மாணவனாகிய எனக்கு இவ்வினாக்கள் மெய்யியல் நூல் எதனிலிருந்தும் எழவில்லை. பேராதனை விடுதி அறையில், பிறர் பாவித்து எனக்கு விற்ற மடிக்கணினி ஒன்றிலிருந்தே எழுந்தன.

அக்கணினி மிக மெதுவாக இயங்கியது. 'சோம்பேறி யந்திரம்' எனப் பல மாதங்கள் அதனை ஏசியிருக்கிறேன். ஒருநாள் விஞ்ஞான பீடத்து நண்பர் ஒருவர் அதனைப் பரிசோதித்தார். அதில் இருந்தது லினக்ஸ் பணிசெயல் முறைமை. அதன் கருப்பகுதியாகிய கேர்னல் பேணிவரும் இரு எண்களை அவர் திரையில் காட்டினார். முதலாவது, முறைவழியாக்கி தன் அமைப்பின்படி எட்டக்கூடிய உச்ச மீடிறன், அது 2.4 கிகாஹேர்ட்ஸ். இரண்டாவது, அது எட்டுவதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச மீடிறன், அது 1.2 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவ்வெல்லை நடைமுறைக்கு வருமாறு முன்னைய உரிமையாளர் அமைத்திருந்தார். மின்கலம் நீடித்து உழைக்க வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கலாம். யந்திரத்தின் குறையென நான் கருதியது உண்மையில் ஒரு மனிதரின் கட்டளையாக இருந்தது.

எல்லை வகுத்தலே தவறு என்று இதனாற் கொள்ளலாகாது. முறைவழியாக்கி இயங்கும்போது செலவிடும் மின்வலு, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் ஏற்ப மாறுவது. இவ்விரண்டையும் ஐந்திலொரு பங்கு குறைப்போமாயின் வேகம் ஐந்திலொன்றுதான் குறையும். இம்மின்வலுவோ ஏறத்தாழ அரைவாசியாகிவிடும். வேகத்தில் சிறிது விட்டுக்கொடுப்பவன் வெப்பத்திலும் மின்செலவிலும் பெரிதும் மீதப்படுத்துகிறான். ஆயினும் சில வேளைகளில் வேலையை விரைந்து முடித்துவிட்டு உறங்குவதே மேலும் சிக்கனமாகும். ஆகவே மெதுவாக இயங்குதல் மட்டும் சிக்கனமாகிவிடாது.

இதனைத் தீர்மானிக்கும் மென்பொருட் பகுதிக்கு லினக்சில் 'கவர்னர்' என்று பெயர். 'பெர்ஃபோமன்ஸ்' என்னும் கவர்னர் அனுமதிக்கப்பட்ட உச்ச மீடிறனிலும், 'பவர்சேவ்' என்பது அனுமதிக்கப்பட்ட தாழ்ந்த மீடிறனிலும் அசையாது நிற்பவை. முன்னது ஊதாரி எனின் பின்னது உலோபி. குணத்தால் மாறுபட்டாலும் இரண்டும் செவிடுகளே. வேலை எவ்வளவு உள்ளதென அவை வினவுவதில்லை. 2004இல் கேர்னலிற் சேர்ந்த 'ஒன்டிமாண்ட்' வேலைப்பளுவை இடையிடையே அளந்து வேகத்தை மாற்றியது. 2016இல் வந்த 'ஷெட்யூட்டில்', வேலைகளைப் பங்கிடும் பகுதி தரும் கணிப்பையே நேரடியாகப் பயன்படுத்துகிறது.

கவர்னர் என்னும் இப்பெயர் கணினிக்கு முன்பே யந்திரவியலில் வழங்கியது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி யந்திரத்தில் பொருத்திய வேகச் சீராக்கிக்கும் இதுவே பெயர். கண்டி நகருக்கு அண்மையில் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, சுரங்கவழியே திருப்பி, உக்குவளை மின்னிலையத்தில் 1976 முதல் மின் பிறப்பிக்கின்றனர். இத்தகைய நீர்மின் நிலையங்களிலும் கவர்னர் உண்டு. மின்தேவை கூடும்போது சுழலியின் வேகம் தளர முற்படும். அப்போது கவர்னர் நீர்வாயிலை மேலும் திறந்து மீடிறனை 50 ஹேர்ட்ஸ் அளவில் நிறுத்த முயலும். வள்ளுவர் வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும், அதனையடுத்து இடனறிதலையும் வைத்த வைப்புமுறை ஈண்டு நினைக்கத்தக்கது. வலிமை உண்டென அறிந்தால் மட்டும் போதாது. அது வேண்டப்படும் வேளையையும் இடத்தையும் அறிதல் வேண்டும்.

எனினும் செவிசாய்க்கும் கவர்னரும் தனக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே செவிசாய்க்கும். என் கணினியில் இருந்ததும் நல்ல கவர்னரே. வேலை மிகும்தோறும் அது 1.2 வரை ஏறி அங்கேயே நின்றது. ஆகவே எல்லையை வகுத்தவர் யார், அதனை வெளிப்படையாகக் கூறினாரா என்பதே அறத்தின் முதன்மையான வினாவாகிறது.

அப்பிள் நிறுவனம் 2017இல், பழைய மின்கலமுடைய சில ஐபோன்கள் திடீரென அணைவதைத் தவிர்க்கும் பொருட்டு மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்தது. பாவனையாளர் பலர் தமது கருவி முதுமையடைந்துவிட்டது எனவே எண்ணினர். அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் உண்மையை ஏற்றுக்கொண்டது. 2020இல் பிரான்ஸ் நாட்டின் நுகர்வோர் அதிகாரத்துறை அதற்கு 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. வேகத்தைக் குறைத்தமைக்காக அன்று, பாவனையாளருக்கு அறிவிக்காமைக்காகவே அத்தண்டம்.

நம் நாட்டு அனுபவமும் இவ்வழியே சிந்திக்கத் தூண்டுகிறது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, நாங்கள் குப்பி விளக்கொளியில் படித்தோம். நீர்த்தேக்கங்கள் வற்றியமை இயற்கை விதித்த எல்லை. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாது போனமையோ மனிதர் எடுத்த முடிவுகளின் விளைவு. மின்வெட்டு என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்கு முன்னாள் ஆட்சியாளர் சிலர் பொறுப்பாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

எல்லா எல்லைகளையும் தளர்த்துக என ஒருவர் கூறின் அதுவும் பேதைமையே. முறைவழியாக்கி அளவுகடந்து சூடேறுமாயின், எந்தக் கட்டளைக்கும் காத்திராது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பொருளின் இயல்பு வகுத்த அந்த எல்லையோடு வாதிட இயலாது. மனிதர் வகுத்த எல்லையோடு வாதிடலாம், வாதிடவும் வேண்டும். வகுத்த எல்லையை இயல்பின் எல்லையெனக் காட்டுவதே அநீதி. கேர்னல் அவ்விரு எண்களையும் வெவ்வேறாகவே எழுதிவைத்து, கேட்பவர் யாவருக்கும் காட்டுகிறது. சமூகம் அந்நேர்மையைப் பெரும்பாலும் கடைப்பிடிப்பதில்லை.

என் வகுப்பிலே தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் வளர்ந்து வந்த தோழர் ஒருவர் இருக்கிறார். ஆங்கில வகுப்பில் அவர் எழுந்து நின்று விடை கூறச் சற்று நேரம் ஆகும். முதலாண்டில் அந்த மௌனத்தைக் கண்டு சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அவர் கற்ற பாடசாலையில் உயர்தரம் வரை நிலையான ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்ததில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். கணினியை ஏசியது போன்றே அவரையும் மதிப்பிட்டிருந்தேன்; கணினிக்கு வலிக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

என் கணினியின் எல்லையை அகற்ற நண்பருக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. மனிதருக்கு வகுக்கப்பட்ட எல்லைகளை அகற்ற ஒரு தலைமுறையேனும் வேண்டும். அதுவரையில், ஒருவரை மந்தமானவர் எனத் தீர்ப்பிடுமுன், நாம் காண்பது அவருடைய ஆற்றலின் எல்லையா, பிறர் அவருக்கு வகுத்த எல்லையா என ஒருகணம் வினவுதல் பல்கலைக்கழகத்தில் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உரிய கடமையாகும்.