மன்னிப்பது யாருடைய ஹக்கு?

 

வைத்தியரின் கவனக்குறைவால் ஒருவருக்குக் கை கால் விளங்காமற் போனால், பார்க்கப் போகும் நம்மில் பலர், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் பணம் கேட்பது முறையா?" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். இது சரிதானா?

நாட்டம் அல்லாஹ்வுடையதே. ஆனால் ஒரு முஃமினைத் தவறுதலாகக் கொன்றுவிட்டவன், இறந்தவரின் குடும்பத்தாருக்குத் தியத்து என்னும் ஈட்டுப்பணம் கொடுக்க வேண்டுமென்று குர்ஆன் ஷரீபில் அன்னிஸா சூரா 92ஆம் ஆயத்தில் கட்டளையிட்டவனும் அதே அல்லாஹ்தான். அக்குடும்பத்தார் விரும்பினால் அதைத் தர்மமாக விட்டுவிடலாம். விடுவது அவர்களுடைய ஹக்கு; பக்கத்தில் நிற்கும் நமக்கு அதில் ஹக்கு இல்லை. புழுத்த அரிசியை விற்ற வியாபாரி, "உமக்கு நஸீபு இல்லை" என்று சொன்னால் ஏற்போமா? அரிசி மூட்டைக்கு உள்ள நியாயம் மனிதனின் காலுக்கு இல்லையா?

வைத்தியம் அறியாதவன் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவனே பொறுப்பாளி என்னும் கருத்தில் அபூதாவூதில் ஹதீது வந்திருக்கிறது. கற்ற வைத்தியர் முறைப்படி செய்தும் பலன் தப்பினால் அவர்மீது குற்றமில்லை. முறை தவறினால் ஈடு உண்டு என்பது ஃபிக்ஹு மேதைகளின் முடிவு.

ஹிஜ்ரி 8இல் காலித் (ரலி) அவர்களின் படையினர் பனூ ஜதீமா கூட்டத்தாரில் சிலரைத் தவறாகக் கொன்றுவிட்டனர். பெருமானார் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களிடம் பணம் கொடுத்தனுப்பி ஈடு செய்தார்கள். நாய் நீர் குடிக்கும் தொட்டிக்குங்கூட விலை கொடுத்தார்கள். அறியாமல் ஏதும் விடுபட்டிருக்குமோ என்று மீதிப் பணத்தையும் அவர்களுக்கே கொடுத்தார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

நம் மலேசியாவிலோ, 1982இல் கழுத்தெலும்புச் சத்திர சிகிச்சைக்குப் பின் முடமான ஒரு பெண்மணியின் வழக்கு, கூட்டரசு நீதிமன்றத்தில் 2006 டிசம்பரில்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. 24 வருஷம்! நியூஸிலாந்தில் 2005 முதல், சிகிச்சையால் ஊறுபட்டவர் டாக்டரின் குற்றத்தை நிரூபிக்காமலே பொது நிதியிலிருந்து ஈடு பெற வழியிருக்கிறது. தவறுதலான கொலைக்குரிய தியத்தை ஒருவன் தலையில் மட்டும் சுமத்தாமல், அவன் கூட்டத்தார் சேர்ந்து கொடுக்கும் பழைய ஷரீஅத்து முறைக்கு இது எவ்வளவு நெருக்கம்!

சகோதரர்களே! இல்லாததைச் சேர்த்துக் கேட்பது ஹராம். உள்ளதை மறைப்பதும் ஹராம். நோயாளியிடம் வலிக்கு ஸபூர் சொல்வோம். ஹக்கை விட்டுவிடும்படி சொல்லாதிருப்போம். வழக்கு முடியும்வரை அவர் வீட்டு அடுப்பு எரிய நம்மாலானதைச் செய்வோம். அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.